மூன்றாவது தூண்

காரைக்குடி ஜங்ஷனில் எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று பலகையைப் பார்ப்பவன் வெளியூர்க்காரன். உள்ளூர்க்காரர்கள் நாங்கள் போர்ட்டர் பொன்னழகைப் பார்ப்போம்.

மீட்டர் கேஜ் காலத்தில் பதினெட்டு வயதில் சிவப்புச் சட்டை போட்டவர். பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டைக் கல்யாணத்துக்குத் திறக்க வரும் செட்டியார் குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளைச் சுமந்து கழுத்தே உள்ளே போய்விட்டது என்று தன்னையே கேலி செய்துகொள்வார். அகலப் பாதை வந்தது. மூடிக் கிடந்த பட்டுக்கோட்டைப் பாதை மறுபடி திறந்தது. பெட்டிகளுக்குச் சக்கரம் முளைத்தது. அவருக்கு வேலை குறைந்ததே தவிர மதிப்புக் குறையவில்லை.

"எஸ் நாலா? மூணாவது தூணுக்கு வாங்க" என்பார். கதவு நம் மூக்குக்கு நேரே வந்து நிற்கும். எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சல்கூட உண்டு. கண்டனூர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். என் பேச்சை என் வீட்டிலேயே யாரும் இப்படி நம்பியதில்லை.

போன வருஷம் ஆவணியில் அவர் தன் மனைவி ஒச்சம்மாளைச் சென்னைக்கு அழைத்துப் போகக் கிளம்பினார். வயிற்றில் கட்டி. மறுநாள் காலை ஆபரேஷன். தவறினால் இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும், அதுவரை தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உட்கார முடியாத வலி என்பதால் பஸ் உதவாது. படுக்கை கிடைத்தது அந்தச் சாயங்கால வண்டியில் மட்டும்தான். நானும் அதே எஸ் நான்கு பெட்டியில் போக வேண்டியவன்.

"சக்கர நாற்காலி கேட்டாக் குடுப்பாகளே" என்றேன்.

"எதுக்கு வாத்தியாரய்யா? பெட்டிதான் நம்ம முன்னாடி வந்து நிக்கப் போகுதுல்ல" என்று துண்டை விரித்து அவளைத் தூணடியில் உட்கார வைத்தார்.

அன்று பெட்டிகள் வரிசை மாறி வருவதாகப் பலகையில் காட்டினார்கள். ஒலிபெருக்கியிலும் சொன்னார்கள். பொன்னழகுக்கு அந்தக் குரல் காதில் ஏறுவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. நான் கேட்டேன். ஆனால் அவரே இங்கே நிற்கிறார், அதுவும் பெண்டாட்டியோடு நிற்கிறார். பலகைதான் தப்பு என்று நானும் பக்கத்திலேயே நின்றேன். அவருக்கே போய்ச் சொல்லக் கூச்சமாகவும் இருந்தது.

வண்டி வந்தது. எங்கள் எதிரே நின்றது முன்பதிவில்லாத பெட்டி. படிக்கட்டு வரை ஆள். உள்ளே புகுந்தாலும் எஸ் நான்குக்கு வழி கிடையாது. நடுவில் இருந்த பெட்டிகளிலும் ஏறுகிற கூட்டம் வாசலை அடைத்து நிற்க, எங்கள் பெட்டி அந்தக் கோடியில் நின்றது. இரண்டு நிமிஷம்தான்.

நான் ஓடினேன். பொன்னழகு ஒச்சம்மாளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். "மெல்லங்க, விழுந்துருவீக" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. நான் ஏறித் திரும்பியபோது வண்டி நகர்ந்துவிட்டது. அவர் இரண்டு பெட்டி தூரத்தில் நின்றுவிட்டார். அவளைக் கீழே இறக்கவில்லை.

அபாயச் சங்கிலி என் தலைக்கு மேலேயே இருந்தது. இழுத்தால் போலீஸ் வருமே, என்ன பதில் சொல்வது என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் கோட்டையூர் தாண்டிவிட்டது.

ஒச்சம்மாள் அந்த மாதத்தைத் தாண்டவில்லை.

போன வாரம் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். ஒரு பெண், "அண்ணே, எஸ் ரெண்டு எங்குட்டு வரும்?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா, போர்டப் பாரு" என்றார். பிறகு என்னைக் கண்டு பக்கத்தில் வந்தார்.

"அன்னைக்கு என்னைய நம்பி நின்னு நீங்களும் ஓடுனீகளே வாத்தியாரய்யா. மனசுல வச்சுக்காதீக."

நான் தலையை ஆட்டினேன். சங்கிலியைப் பற்றி இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.