நான் துடைத்த இருட்டு

சாமிப் படங்களுக்குக் கண்ணாடி போடும் கடையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பழைய படம் வந்தால், முதலில் பிழிந்த ஈரத்துணியால் துடைப்போம். பூசை அறையில் வருஷக்கணக்காக விளக்குப் புகை பட்டு மேல் ஓரம் கறுத்திருக்கும்.

படிவம் இரண்டோடு, பதினாலு வயதில் பள்ளியை விட்டவள் நான். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் கடைக்கு ரயிலில் வருவேன். உட்கார்ந்ததுமே, கேஸ் அடுப்பை மூடினேனா என்ற கவலை தொடங்கிவிடும்.

போன வருஷம் ஓர் அக்கா படம் ஒன்று கொண்டு வந்தார். நார்வேக்காரரைக் கட்டி முப்பது வருஷம் அங்கேயே இருந்துவிட்டு, கணவர் இறந்தபின் கிள்ளானுக்குத் திரும்பியவர். படம் அவருடைய மாமியார் வரைந்தது. சமையல் மேசை, தட்டில் மூன்று மீன், சன்னலுக்கு வெளியே பனி.

"மாமியாருக்கு நாலு பிள்ளைங்க. குளிர்காலத்துல அங்க வெளிச்சமே கொஞ்ச நேரந்தான். பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போனதும் சமையல் மேசையிலயே வரைவாங்களாம். பொம்பளைன்னு தெரிஞ்சா கண்காட்சியில ஒதுக்கிடுவாங்கன்னு முழுப் பேரு போடாம முதலெழுத்து ரெண்டு மட்டும் போடுவாங்க. மத்த படமெல்லாம் கை மாறிப் போச்சு. எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். பத்திரம் லா."

அவர் போனதும் பார்த்தேன். மேல் ஓரம் கறுத்திருந்தது. கை தானாகத் துணியை எடுத்தது. துணியில் கறுப்பு ஏறியதும் சந்தோஷம்கூட வந்தது. இன்னொரு இழுப்பு இழுத்தேன். வெறும் காகிதம் வெள்ளையாக எட்டிப் பார்த்தது.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "தண்ணி பெயிண்ட்மா இது! வெள்ளைக்காரங்க சமையலறையில சூடமா காட்டினாங்க, புகை படிய?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு விரல் அகலந்தானே. சுத்தி வைக்கிற அட்டையக் கொஞ்சம் உள்ள தள்ளி வெட்டு. மறைஞ்சிடும்."

வெட்டினேன். மறைந்துவிட்டது. ஆனால் மதியம் சாப்பிடும்போதும் அதே நினைவு. அக்கா என்றைக்காவது பிரித்துப் பார்த்தால்? பார்க்காமலே இருந்துவிட்டால்? இரண்டாவதுதான் அதிகம் பயமுறுத்தியது. அந்த அம்மா கொஞ்ச நேர வெளிச்சத்துக்குக் காத்திருந்து வரைந்ததை, நான் இரண்டு இழுப்பில் எடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை அக்கா வந்தார். அட்டையை நீக்கிவிட்டுப் படத்தை அவர் முன்னால் வைத்தேன். "அழுக்குன்னு நெனச்சி துடைச்சிட்டேன்கா."

அக்கா அந்த வெள்ளை ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். "அழுக்கில்ல. மத்தியானம் மூணு மணிக்கே இருட்டிடும் அங்க. அந்த இருட்டு இது" என்றார். படத்தை உறையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு எந்தப் படம் வந்தாலும் துணியை எடுக்காமல் அப்படியே வைத்தேன். "முருகனையாவது துடைம்மா, அவர் கோவிச்சுக்க மாட்டார்" என்றார் முதலாளி.

மூன்றாம் வாரம் அதே உறையோடு அக்கா வந்தார். "கண்ணாடிய நீங்களே போடுங்க. ஓரத்தை மறைக்க வேணாம். துடைக்காம மட்டும் குடுங்க."

போட்டு முடித்தபோது கண்ணாடியில் என் பெருவிரல் ரேகை பதிந்திருந்தது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அக்கா சிரித்துவிட்டு, தன் துப்பட்டா முனையால் தானே துடைத்துக்கொண்டார்.

இப்போதும் ரயிலில் கேஸ் அடுப்புக்கு அடுத்து அந்தப் படம்தான் நினைவுக்கு வருகிறது. மழை நாளில் அவர் வீட்டுச் சுவரில் ஈரம் ஏறாமல் இருக்க வேண்டுமே.