வெங்கிடேஸ்வரனின் சோதனைக் குழி

மட்டாஞ்சேரிக் கால்வாய்க்கரையில் நான்கு பசுக்களை வைத்துப் பிழைத்தவர் வெங்கிடேஸ்வரன். சுள்ளிக்கல் வரை சைக்கிளில் போய்ப் பால் ஊற்றுவார். 1976-இல் சர்க்கார் ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது: சாணம் கால்வாயில் விழுந்தால் மாடுகள் அங்கே இருக்கக்கூடாது. நியாயம்தான் என்று அவரும் ஒப்புக்கொண்டார். பால் ஊற்றும் வீடொன்றில் சாண எரிவாயு அடுப்பைப் பார்த்திருந்தார். கொல்லையில் அதற்கொரு சாணக்குழி கட்டினால் மாடுகள் பிழைக்கும். மனைவி கமலாக்ஷி ஈர விறகை ஊதி ஊதி இருமுவதும் நிற்கும். மனு எழுதிப் போட்டார்.

அன்றைக்குப் பிடித்தது பீடை. குழியால் நிலத்தடி நீர் கெட்டுவிடுமாம், அதை ஆராய வேண்டுமாம். அதற்குள் பக்கத்து மனையில் எவனோ இறால் உரிக்கும் கொட்டகை போட்டான். அவனுக்குப் பதினோரு நாளில் அனுமதி. இறால் தலையும் ஓடும் அழுகி, மதிலோரமாகத் தேங்கி நின்றன. சோற்றில் கை வைத்தால் குமட்டிக்கொண்டு வரும். பார்வையிட வந்த அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்த நாற்றத்தையும் மாடுகளின் தலையிலேயே எழுதினார். எழுதிவிட்டு, வெட்கமில்லாமல் ஒரு டம்ளர் பாலும் வாங்கிக் குடித்தார்.

“சாமி, மழை தீருறதுக்கு முன்னாடி, எங்க முன்னால ஒரு சோதனைக் குழி வெட்டணும். தண்ணி எவ்வளவு மேலே வருதுன்னு பார்க்கணும். நாளைக்கே ஆகட்டும்” என்றார் அதிகாரி.

வெங்கிடேஸ்வரனுக்கு அங்கேதான் புத்தி கெட்டது. அது கர்க்கடக மாதம், நம் ஆடி. அவர் குடும்பத்தில் அந்த மாதம் யாரும் மண்ணை வெட்டமாட்டார்கள்.

“சிங்க மாசம் பொறக்கட்டும் சார், வெட்டிடறேன்.”

‘மனுதாரருக்கு விருப்பமில்லை’ என்று எழுதிக்கொண்டு அதிகாரி போய்விட்டார். சிங்கம், அதாவது ஆவணி, முதல் தேதி வெங்கிடேஸ்வரன் மண்வெட்டியோடு காத்து நின்றார். ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. ஆபீஸில் போய்க் கேட்டால், மழை குறைந்துவிட்டது, இனி அடுத்த வருஷம்தான் என்றார்கள். அடுத்த வருஷம் அதிகாரி மாறிப்போனார். புதியவர் ஃபைலை முதல் தாளிலிருந்து ஆரம்பித்தார். அதற்கடுத்த வருஷம் ஃபைலையே காணோம்.

வெங்கிடேஸ்வரன் தினமும் சாணத்தைக் கைவண்டியில் அள்ளி, இரண்டு மைல் தள்ளித் தென்னந்தோப்பில் கொட்டினார். முதுகு வளைந்தது. பசுக்கள் ஒன்றொன்றாக விலைக்குப் போயின.

“மாசம் பாத்தேளே, என் மூச்சைப் பாத்தேளா?” என்று கமலாக்ஷி ஒருநாள் இருமலுக்கு நடுவே கேட்டாள். ஆபீஸ்காரர்களைவிடத் தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

1984-இல், மறுபடியும் ஒரு கர்க்கடகத்தில், புதிய அதிகாரி ஒருவர் எப்படியோ அகப்பட்ட ஃபைலும் குடையுமாக வந்து நின்றார். தொழுவத்தில் மிச்சம் ஒரே ஒரு பசு. வெங்கிடேஸ்வரன் மாதம் பார்க்கவில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே சோதனைக் குழியை வெட்டினார். இரண்டடியில் நீர் ஊறியது. கறுப்பு நீர். மேலே இறால் ஓடு மிதந்தது. அதே நாற்றம்.

அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டுக் காகிதத்தில் எழுதினார். “இங்கே நிலத்தடி நீர் முன்னாடியே கெட்டுப்போச்சு, சாமி. இனி ஒரு குழிக்கு அனுமதி தர வழியில்லை. அந்த மாட்டையும் இங்கேருந்து அகற்றிடணும்.”

பிறகு முன்னே வந்தவரைப் போலவே பாலுக்காகக் கூசாமல் நின்றார். வெங்கிடேஸ்வரன் டம்ளரை எடுத்துக் குழியில் முக்கி, விளிம்பு வரை மொண்டு அவர் கையில் வைத்தார்.

“குடியுங்கோ சார். எட்டு வருஷமா நீங்க கெடாம காப்பாத்தின ஜலம்.”