கட்டிலுக்கு அடியில் தள்ளிய பறை

நேற்று முகப்பேர் வீட்டில் மகள் ஸ்கூல் ப்ராஜெக்ட் செய்துகொண்டிருந்தாள். தமிழிலிருந்து இங்கிலீஷுக்குப் போன வார்த்தைகளாம். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி என்று அவள் வாசிக்க வாசிக்க நானும் ஏதோ பெரிய பண்டிதன் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, 'பரையா'ன்னு ஒரு வார்த்தை இருக்கு. எல்லாரும் ஒதுக்கிவெச்ச ஆளுன்னு அர்த்தமாம். நம்ம பறை இருக்குல்ல, அதை அடிக்கிறவங்க பேர்லேர்ந்து போச்சாம். நீ பறை பாத்துருக்கியா?"

"டி.வி.ல பாத்திருக்கேம்மா" என்றேன். முழுப் பொய்.

பார்த்தது சின்ன வயதில், ஆவடி குவார்ட்டர்ஸில். அப்பாவுக்கு ஃபேக்டரி வேலை. எல்லா ஜில்லாக்காரர்களும் ஒரே வரிசையில் குடியிருந்தோம். புதிதாக யார் வந்தாலும் முதலில் ஊரைக் கேட்பார்கள். அடுத்தது, "ஊர்ல எந்தத் தெரு?" தெரு தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். அப்புறம் யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யார் வீட்டில் கூடாது என்பதும் முடிவாகிவிடும். அப்பா அசராமல், "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்பார். அட, எங்கள் ஊருக்கு அப்போது பஸ்ஸே கிடையாது! போய்வந்து நாங்கள் எதையாவது உளறிவிடுவோம் என்று ஊர்த் திருவிழாவுக்குக்கூட எங்களைக் கூட்டிப்போனதில்லை.

ஒரு பொங்கல் சமயம் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், எங்கள் பெரியப்பா, பட்டணத்தில் ஏதோ ஊர்வலத்துக்கு வாசிக்க வந்தவர், தோளில் பறையோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பசங்களுக்கு அடிச்சுக் காட்டலாம்னு வந்தேன்டா."

அப்பா பதறிப்போய் பறையைப் போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பெரியப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டு அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"யாரு சார், சொந்தமா?"

"இல்லீங்க, தெரிஞ்சவரு. வேலை கேட்டு வந்திருக்காரு."

பெரியப்பா நிமிரவில்லை. அதற்கப்புறம் சாப்பிடவும் இல்லை. கிளம்பும்போது பறையை எடுத்துக்கொண்டு போர்வையை மட்டும் ஒழுங்காக மடித்து வைத்துவிட்டுப் போனார். மறுபடி அவர் வரவேயில்லை. எங்கள் தெரு எதுவென்று யாருக்கும் தெரியாமல் தப்பித்தது என்று எனக்கு அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நினைத்தால் இப்போது கூசுகிறது.

அந்த வரிசை வீடுகளை இடித்தாகிவிட்டது. அண்ணாச்சி இல்லை, அப்பா இல்லை, பெரியப்பாவும் இல்லை. இங்கே பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் காசு கட்டிப் பறை கற்கிறார்கள். நான் யாருக்குப் பயந்து இன்னும் ஒளிக்கிறேனோ, வெட்கக்கேடு!

இன்றைக்கு மகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடத்தான் போகிறேன். சொன்னதும், "எப்படிப்பா அடிப்பாரு?" என்று கேட்பாள். எனக்குத் தெரியாது. பெரியப்பா அடித்து நான் கேட்டதே இல்லை.