ஏழாம் பக்கத்து ரயில் முத்திரைகள்

“2006 மார்ச் 12, ஞாயிறு. மனைவி தாய்வானிலிருந்து வந்து சேர்ந்தார். கடவுச்சீட்டின் ஏழாம் பக்கத்தில் இரண்டு முத்திரைகள். அரசாங்க முத்திரைகள் அல்ல.”

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான். வீட்டில் யார் எந்த நாட்டுக்கு எப்போது போய் வந்தார்கள் என்பதைக் கடவுச்சீட்டைப் பார்த்துக் குறித்துவைப்பது என் வழக்கம். மனைவி தன்னோடு வேலை செய்யும் தாய்வான் பெண்ணின் திருமணத்துக்காகப் பத்து நாள் போயிருந்தார். வரும் வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் புறப்பட வேண்டும். இருபதாம் திகதி அவருடைய அம்மாவுக்கு இருதய சத்திரசிகிச்சை. மயக்கமருந்து கொடுக்கும் முன்னர் அம்மாவின் பக்கத்தில் நிற்பதாகத் தொலைபேசியில் வாக்குக் கொடுத்திருந்தார். தாயும் மகளும் நேரில் பார்த்துப் பதினாறு ஆண்டுகள்.

“இதார் குத்தினது?” என்று கேட்டேன்.

“நான்தான். வடிவா விழுந்திருக்கு, என்ன?”

ஒன்றில் ரயில் எஞ்சின், மற்றதில் கோயில் வாசல். அங்கே ஸ்டேசன்களில் ஒரு மேசையில் மைப்பெட்டியும் முத்திரையும் வைத்திருப்பார்களாம். கிழவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் வரிசையில் நின்று தங்கள் கொப்பிகளில் குத்திக்கொண்டு போவார்களாம். இவர் கைப்பையில் கொப்பி இருக்கவில்லை.

“பாஸ்போர்ட் என்ன, ஓட்டோகிராஃப் புத்தகமோ?”

“நீங்கள் பஸ் டிக்கெட்டுக்கும் திகதி போட்டு வைச்சிருக்கிற ஆள். எனக்கு ரெண்டு முத்திரை கூடாதோ?” என்று சிரித்தார். பிறகு சொன்னார்: “மழைக்க நிண்டன். ஆரோ ஒரு மனிசி குடை பிடிச்சு ஹோட்டல் வாசல் மட்டும் கொண்டுவந்து விட்டா. எங்கயிருந்து வந்தனீங்கள் எண்டு எல்லாரும் கேட்டவை. ஏன் வந்தனீங்கள் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.”

அந்தக் கேள்விக்கு எத்தனை மேசைகளின் முன் நின்று பதில் சொல்லியிருக்கிறோம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அப்படியும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு ஆண்டுகள் கடவுச்சீட்டே இல்லாமல் அகதிகளாக இருந்தவர்கள் நாங்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஓர் அதிகாரி ஏழாம் பக்கத்தைப் புரட்டி, எழுந்து உள்ளே போவது கண்ணுக்குள் நின்றது.

செவ்வாய் பிற்பகல், அவர் வேலையில் இருந்தபோது, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மெதுவாக ஒற்றினேன். எஞ்சின் கரைந்தது. கோயில் வாசலும் அதோடு கலந்து ஊதா நிறமாய்ப் பரவியது. இன்னும் ஒருமுறை ஒற்றினேன். கடதாசி தேய்ந்து நார்விட்டது. அந்தப் பக்கத்தின் அச்சுக்கோலமும் போயிற்று.

வேலையால் வந்தவர் கோட்டைக் கழற்றாமல் எங்கள் ஹரோ வீட்டு வாசலிலேயே நின்று அதைப் பார்த்தார்.

“இஞ்சேருங்கோ, ஸ்டேசனில ஆசைக்குக் குத்தினது எண்டு நான் சொல்லியிருப்பன். இதை என்னெண்டு சொல்லுறது?”

களவாய்த் திருத்திய கடவுச்சீட்டைப் போலவே அது இருந்தது.

வியாழக்கிழமை கடவுச்சீட்டு அலுவலகத்தில் யார் அழித்தது என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். புதியது கிடைக்க ஒரு வாரமாகும் என்றார்கள். வெள்ளிக்கிழமை விமானம் அவர் இல்லாமல் போனது. இருபதாம் திகதி மாமியார் தனியாகவே சத்திரசிகிச்சைக்குப் போனார். பிழைத்துவிட்டார். மனைவி போய்ச் சேர்ந்தது இருபத்தைந்தாம் திகதி.

“நீங்கள் உள்ளுக்கு வரவேண்டாம்,” என்று புறப்பட்ட அன்று விமான நிலையத்தில் எனக்குச் சொன்னார். நான் கார்த் தரிப்பிடத்திலேயே நின்றுவிட்டேன்.

பின்னாளில் இரண்டு பேரிடம் விசாரித்தேன். இல்ஃபோர்டில் பயண முகவராக இருந்த ஒருவர், இப்படியான முத்திரைகளை யாரும் கவனிப்பதில்லை என்றார். இன்னொருவர், இப்படியான முத்திரைக்காகவே தனக்குத் தெரிந்த ஒருவரைத் திருப்பி அனுப்பினார்கள் என்றார். இரண்டுக்கும் எழுத்தில் சான்று கிடைக்கவில்லை. நான் கை வைக்காமல் விட்டிருந்தால் அவரைக் கொழும்பில் உள்ளே விட்டிருப்பார்களா என்பது இதை எழுதும்வரை உறுதிசெய்யப்படவில்லை.