அஞ்சலிப் பக்கத்து முகங்கள்

படம் வரைவது என்பது பள்ளிக்கூடத்தோடு முடிந்துபோன விஷயம் என்றுதான் நாற்பது வயது வரை நினைத்திருந்தேன். பல் கிளினிக் கவுண்டரில் வேலை எனக்கு. ஆளில்லாத ஒரு மத்தியானம் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு படம் கண்ணில் பட்டது. பழைய சஞ்சிகையிலிருந்து வெட்டிய ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியின் தலை. அதற்குக் கீழே உடம்புக்குப் பதிலாகத் தேநீர்க் கெண்டி. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். ஒருவர் பழைய பஸ் டிக்கெட்டுகளை ஒட்டியே கடல் செய்திருந்தார். புக்கிட் மெர்தாஜாமில் ஒரு சீனப் பெண், பாசாரில் மீன் வெட்டும் கிழவிகளை நீல மையால் மட்டும் வரைந்திருந்தாள். நான் போகிற வருகிற ஊர்களில் இப்படி ஆட்கள் இருந்திருக்கிறார்கள், எனக்குத்தான் தெரியவில்லை. கத்தரிக்கோலும் பசையும் வாங்கினேன்.

காகிதத்துக்குப் பஞ்சமில்லை. ஜெலுத்தோங்கில் எங்கள் ஃபிளாட்டில் எதிர்வீட்டு அக்கா தினமும் தமிழ்ப் பேப்பர் வாங்குவார். படித்ததைச் சேர்த்து, மாதக் கடைசியில் கயிறு கட்டி என் வாசலில் வைப்பார். தனியாக இருந்தார். நான் குடிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அவர் கணவர் தவறியிருந்தார். "உள்ள வாம்மா, டீ குடிச்சிட்டுப் போலாம் லா" என்று கூப்பிடுவார். "இன்னொரு நாள் வரேன்க்கா" என்பேன். மூன்று வருஷமாக அதே பதில். உட்கார்ந்தால் எழுந்திருக்க விடமாட்டார் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

அந்தக் கட்டுகளில் எனக்குப் பிடித்தது, இறந்தவர்களின் படம் போடும் அஞ்சலிப் பக்கம். நேராகப் பார்க்கும் முகங்கள், பின்னால் வெறும் வெள்ளை, வெட்டுவதற்கென்றே அச்சடித்த மாதிரி. பெயர்களைப் படிக்க மாட்டேன். படித்தால் கை ஓடாது என்று எனக்கே தெரிந்திருந்தது. ஒருவருக்கு மீசை பிரமாதம். அவரை ஒரு கொக்கின் கழுத்தில் பொருத்தி, தலையில் இளஞ்சிவப்புத் தொப்பி வைத்தேன்.

சூலியா தெருப் பக்கம் ஒரு பழைய கடைவீட்டு மாடியில், புதிதாக வரைகிறவர்களுக்கென்று சின்னக் கண்காட்சி வைத்தார்கள். என் கொக்கை வாசலுக்கு நேரே மாட்டினார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பேப்பர் கொடுத்தவராயிற்றே என்று அக்காவையும் அழைத்தேன். பட்டுச்சேலை கட்டி, ஒரு டப்பாவில் கேசரியோடு வந்தார்.

கொக்கின் முன்னால் நெடுநேரம் நின்றார். பாராட்டப் போகிறார் என்று நானும் பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"இவர எங்கேருந்து எடுத்த?"

"உங்க பேப்பர்லதான்க்கா. நல்லாருக்கா?"

"எங்க வீட்டுக்காரர்மா." குரல் ஏறவில்லை, இறங்கவுமில்லை. "மூணாம் வருச அஞ்சலிக்கு அஞ்சு பேப்பர் வாங்குனேன். ஒண்ணு கட்டுல சேர்ந்துருச்சு போல." தொப்பியைப் பார்த்து, "தொப்பி போட்டா தலை வேர்க்குதும்பாரு" என்றார். கேசரி டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி படி இறங்கிப் போனார்.

அன்றைக்கே படத்தைக் கழற்றிக் கொண்டுவந்துவிட்டேன். முகத்தை மட்டுமாவது எடுத்துக் கொடுக்கலாம் என்று ஈரப் பஞ்சால் ஒற்றினேன். மீசை பஞ்சோடு வந்துவிட்டது. ஆத்திரத்தில் எல்லாவற்றையும் கிழித்தேன். அந்தத் தேநீர்க் கெண்டிச் சீமாட்டியைத் தேடி யாரும் இங்கே வரப்போவதில்லை. எங்கள் பேப்பரில் வருகிறவர்கள் அப்படியா? எங்கள் மாடிக்காரர்கள், எங்களோடு பஸ்ஸில் வந்தவர்கள். ஆனால் இதையெல்லாம் யோசிப்பதுகூட ஒரு சாக்குத்தான். ஒருநாள், ஒரே ஒருநாள் அந்த வீட்டு வாசலைத் தாண்டியிருந்தால் அந்த முகம் எனக்குத் தெரிந்திருக்கும்.

அதன்பிறகு லிஃப்டில் அவரோடு மாட்டிக்கொள்ளக் கூடாதென்று ஏழு மாடியும் படியேறினேன். மாதக் கடைசியில் வாசலில் பேப்பர் கட்டு இருந்தது. அதே கயிறு, அதே முடிச்சு. எனக்கு அழுகை வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாள் பேப்பரும் இருந்தது. எந்த நாளிலும் அஞ்சலிப் பக்கம் மட்டும் இல்லை.

கழுவி வைத்திருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

"உள்ள வா" என்றார். போனேன். சுவரில் மாலைக்கு நடுவே அவர் கணவர் இருந்தார், அதே மீசை. கீழே மேசைமேல் ஒரு மாதத்து அஞ்சலிப் பக்கங்கள், மடிப்புக் கலையாமல்.

நான் பார்ப்பதை அக்கா பார்த்தார். "யார் வீட்டு ஆளுங்களோ. உன்கிட்ட குடுக்கவும் மனசு வரல, தூக்கிப் போடவும் மனசு வரல." சமையலறைக்குப் போய் டீயோடு வந்தார்.

எதையாவது சரிசெய்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், "அந்தப் படம் இப்ப இல்லக்கா. அன்னிக்கே கிழிச்சிட்டேன்" என்றேன். ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னேன்.

அக்கா சுவரைப் பார்த்தார், பிறகு என்னை.

"கிழிச்சு? குப்பையிலயா போட்ட?"

மேசைமேல் இருந்த பக்கங்களைப் பார்த்தேன். டீயை என் பக்கம் நகர்த்தி, "டீ ஆறுது, குடி" என்றார்.