தெருவைப் பார்த்துச் சிரித்த மைத்துனன்

சண்டை முடிந்த மறுவருஷம் தாளுக்குப் பஞ்சம். யுத்த நிதிக்காக அச்சடித்து மிஞ்சிய சுவரொட்டிகள் துறைமுகத்து ஆபீஸ் ஒன்றில் கட்டாகக் கிடந்தன. கெஞ்சி வாங்கி வந்தோம். அவற்றின் முதுகில்தான் எங்கள் படத்தை எழுதினோம். வெயில் விழுந்தால் மறுபக்கத்துப் பீரங்கி நாங்கள் எழுதிய கடலுக்குள் மங்கலாகத் தெரியும்.

நாங்கள் என்றால் நானும் அவனும். எம்.ஏ. முடித்துச் சென்னையில் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவர்கள். என் வீட்டில் கருப்பட்டி மண்டி. அவன் வீடு கடற்கரையில். அவன் அக்காள் புருஷன் சங்கு குளிக்கிறவர். எழுத்தறியாதவர்கள் ஒரு படத்தை எப்படி வாசிக்கிறார்கள் என்பது எங்கள் கூட்டுக் கட்டுரை. ஏட்டில் இருந்ததைச் சுவரில் செய்துபார்க்க ஒரு வாய்ப்பும் வந்தது. பேராசிரியர் சொல்லி, ஒரு கல்விச் சங்கம் அவன் ஊர்க் கடற்கரைத் தெருவில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு தொடங்கச் சம்மதித்திருந்தது. முதல் வாரத்தில் ஆள் சேர்ந்தால் வகுப்பு நிலைக்கும், அவன்தான் அதன் வாத்தியார். சேராவிட்டால் கொழும்பில் மாமா கடைக்கு அவன் கப்பலேற வேண்டும், அது அவன் அப்பாவின் தீர்ப்பு. அந்தக் கடையை அவன் 'என் கல்லறை' என்பான், சிரித்துக்கொண்டே.

ஆள் சேர்ப்பது எங்கள் சுவரொட்டியின் வேலை.

எண்ணம் அவனுடையது: கடலடியில் சங்கு தேடும் ஒருவன், மேலே தோணியில் அவன் கயிற்றைப் பிடித்திருக்கும் இன்னொருவன். நீ மூழ்கு, கயிறு எங்கள் கையில் இருக்கிறது என்று வகுப்பு சொல்ல வேண்டும். எழுதிய கை என்னுடையது. பார்ப்பவனை நேராகப் பார்க்கும் முகம்தான் அவனை நிறுத்தும் என்று ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். ஆகவே கயிறு பிடிப்பவனைத் தெருப்பக்கம் திருப்பினேன். பல் தெரியச் சிரிக்க வைத்தேன். கண்ணுக்கு வளைவு பிடிக்கும் என்பதால் கயிற்றையும் அலைபோல நெளிய விட்டேன்.

படத்தைப் பார்த்ததும் அவன் சொன்னான்:

"ஏலே, கயித்தப் புடிக்கவன் தண்ணியயில்லா பாக்கணும். இவன் ரோட்டப் பாத்து இளிக்கான்."

பிறகு எனக்கு விளக்கினான். குளிப்பவனின் கயிற்றைப் பிடிப்பது பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். வேறு யாரையும் நம்ப மாட்டார்கள். தன் அக்காள் தங்கையின் தாலியல்லவா அந்தக் கயிற்றில் தொங்குகிறது. கீழே இருப்பவன் ஒரு சுண்டு சுண்டினால் அந்தக் கணமே இழுத்தாக வேண்டும். அதனால் கயிறு தொய்யாது, கண் அசையாது.

நான் சொன்னேன்: "நீ கடக்கரக்காரனாப் பாக்கே. ஆராய்ச்சிக்காரனாப் பாரு."

சென்னையில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக அவனிடம் சொன்ன வாக்கியம் அது. அதுவரை நான் சொன்னதில்லை. அவன் எழுந்துபோய்ப் பசை காய்ச்சினான். மாதா கோயில் மதில், சங்கு அடுக்கும் கிட்டங்கி, வலை உலர்த்தும் இடம் என்று தன் கையாலேயே ஒட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வந்தவர்கள் மதில் முன்னே நின்றார்கள். நின்றுவிட்டார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் குதூகலம். முகம் வேலை செய்கிறது, புத்தகம் பொய் சொல்லவில்லை. அப்புறம்தான் சிரிப்பு கேட்டது. அவன் அக்காள் புருஷனின் கயிறு முறைப்படி அவன் கையில் இருக்க வேண்டியது. அவன் படிக்கப் போனதால் அசலான் ஒருவன் பிடிக்கிறான். அந்தத் தெருவில் எல்லோரும் அறிந்த சேதி. எனக்கு மட்டும்தான் அது படத்தில் தெரியவில்லை.

"எம்மே படிச்ச மச்சான் கயிறு புடிக்க லச்சணத்தப் பாருங்கலே" என்றார் ஒருவர்.

அவன் அக்காள் புருஷன் படத்தின் அடியில் கிடந்தவனை விரலால் தொட்டார். "இது நாந்தான். எனக்குப் பூசை ஒப்புக்குடுத்தாச்சா மாப்ள?"

செத்தவர்களுக்கு ஒப்புக்கொடுக்கும் பூசை அது. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். பக்கத்தில் நின்ற என்னை ஒரு விரல் நீட்டிக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. அந்த முகம் நான் போட்டது என்று நானாவது சொல்லியிருக்கலாம். நான் மதிலில் பசை வழிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் முழுக்க பெஞ்சுகள் காலி. கயிற்றை விட்டவனிடம் போய் யார் பாடம் கேட்பார்கள்? எட்டாம் நாள் சங்கத்தார் கரும்பலகையை எடுத்துப் போனார்கள். அந்த மாதமே அவன் கொழும்புக்குக் கப்பலேறினான். வழியனுப்பப் போனேன். கட்டுரையை முடித்துவிடு என்று மட்டும் சொன்னான்.

முடித்தேன். மனிதன் தன் தொழிலின் வழக்கத்தைக் கொண்டுதான் படத்தை வாசிக்கிறான், அதை அறியாமல் போடும் கோடு அவனை விரட்டும்: இதுதான் கட்டுரையின் முடிவு. அவன் சொன்னதேதான், கொஞ்சம் ஆராய்ச்சிச் சாயம் பூசியது. தலைப்பின் கீழே என் பெயர் மட்டும். அடிக்குறிப்பில் 'ஒரு கடற்கரை நண்பருக்கு' நன்றி. அந்தக் கட்டுரைதான் எனக்கு விரிவுரையாளர் வேலை வாங்கித் தந்தது.

அச்சான பிரதி ஒன்றைக் கொழும்புக்கு அனுப்பினேன். என்ன எதிர்பார்த்தேன், மன்னிப்பா, வாழ்த்தா? இரண்டு மாதம் கழித்து அதே பிரதி திரும்பி வந்தது. கடிதம் இல்லை. எங்கள் படம் இருந்த பக்கத்தில் மட்டும் பென்சில் ஓடியிருந்தது. கயிற்றின் நெளிவுக்கு மேல் விறைப்பாக ஒரு நேர்கோடு. சிரித்த முகத்தைக் கறுப்பாக அடைத்து, தண்ணீரை நோக்கிக் குனிந்த பின்னந்தலை ஆக்கியிருந்தான்.

இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஒவ்வொரு வருஷமும் புது மாணவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்டி, எங்கே தவறு என்று கேட்கிறேன். காட்டுவது என் படத்தைத்தான். அவன் திருத்தியது மேஜை இழுப்பறைக்குள் பூட்டிக் கிடக்கிறது.