பூ விழாத வெள்ளிக்கிழமை

தேர்வில் தேறியதற்காக அழுத பெண் நான். என்னைப் போல அம்மனை நம்பி வாழும் சொந்தங்களே, அந்த அழுகையில் தொடங்குகிறேன்.

1998, ஆடி மாதம். அவிநாசி சாலையில் இருந்த ஒரு சாப்ட்வேர் கம்பெனி ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்தால் பழைய கம்ப்யூட்டர்கள் தேதி புரியாமல் திகைத்துப்போகும் என்று உலகமே பயந்திருந்த காலம். பழைய புரோகிராம்களை வரிவரியாகப் படித்துச் சரிசெய்ய ஆள் வேண்டும். காந்திபுரத்தில் நான் படித்து, பிறகு அங்கேயே பாடமும் எடுத்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் சென்டர் என் பெயரையும் அனுப்பியது. எழுதினேன். தேறினேன். ஆவணி முதல் திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். வரும்போது பட்டச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

என்னிடம் பட்டம் இல்லை.

கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஆண்டில் அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன். வீட்டில் ஒரே பெண். கல்லூரிக்குப் போகாத நாட்கள் சேர்ந்து சேர்ந்து, ஒருநாள் கல்லூரியே இல்லாமல் போனது. அம்மா எழுந்து நடந்தாள். நான் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றேன். அப்போதுதான் அந்த சென்டரைப் பார்த்தேன். மாடியில் குளிரூட்டிய அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கோயிலைப் போல. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து துடிக்கும். நான் எழுதியதை அது செய்தது. எழுதாததைச் செய்யவில்லை. என் வாழ்க்கையில் அதுவரை அப்படி எதுவும் என் சொல் கேட்டதில்லை.

தேறியும் சேர முடியாது, அப்படியொரு திரையின் முன் உட்காரும் வாழ்க்கை கைநழுவப் போகிறது என்றுதான் அழுதேன். கூட வேலை செய்த ஒருத்தி, உக்கடத்தில் ஓர் ஆள் இருக்கிறார், போலிச் சான்றிதழ் அச்சடித்துத் தருவார் என்று காதில் சொன்னாள். ஒரு முழு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். விளக்கேற்றப் போனவள் தீக்குச்சியை அப்படியே கீழே வைத்துவிட்டேன். பொய்யை மடியில் கட்டிக்கொண்டு தாயின் முகத்தை எப்படிப் பார்ப்பது? வேண்டாம் என்று விட்டேன். ஆனால் வேறு வழியும் தெரியவில்லை.

வீட்டில் வேறொரு அவசரம். பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் பதிலுக்குக் காத்திருந்தார்கள். ஆடி முடிந்தால் நிச்சயம் செய்துவிடலாம் என்று அம்மாவுக்கு ஆசை.

"அந்தப் பொட்டியப் பாத்துப் பாத்துக் கண்ணாடி போட்டுட்டா. இனி கண்ணாடிக்கும் சேத்துப் பவுன் கேப்பாங்க, பாருங்க" என்று அப்பாவிடம் சொல்லிச் சிரிப்பாள். பாதி கேலி, பாதி கவலை.

அப்பாவுக்குக் கணபதியில் லேத்துப் பட்டறை. பம்புசெட்டுக்கு உதிரிப் பாகங்கள் கடைவது தொழில். அதிகம் பேச மாட்டார். எந்த முடிவாக இருந்தாலும் எங்கள் குடும்ப வழக்கம் ஒன்றுதான்: குலதெய்வத்திடம் பூ கேட்பது. பட்டறைக்கு இடம் வாங்கியபோதும் கேட்டார். அம்மாவின் ஆபரேஷனுக்கும் கேட்டார். எனக்கும் கேட்பதென்று ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் என்னைக் கூட்டிக்கொண்டு பவானிக்கு பஸ் ஏறினார்.

காவிரிக் கரையில் சின்னக் கோயில். செல்லாண்டியம்மன். பூசாரி அம்மனின் இரண்டு தோளிலும் ஈரப் பூ ஒட்டவைத்தார். உங்களுக்குத் தெரிந்ததுதான். வலது தோள் பூ விழுந்தால் ஒரு பதில், இடது தோள் பூ விழுந்தால் மற்றொன்று. அப்பா வாய்விட்டே கேட்டார்.

"தாயி, வலது உளுந்தா, தபால்ல படிச்சு டிகிரி வாங்கிப்போட்டு அப்பறமா வேலைக்குப் போகட்டும். எடது உளுந்தா ஆவணில கல்யாணம்."

நான் கண்ணை மூடினேன். இரண்டு வழியிலும் கைக்கு வந்த வேலை இல்லை, அந்தப் பச்சை எழுத்து இல்லை. தாயே, அப்பா இரண்டு வழிதான் எழுதியிருக்கிறார், எழுதாத வழியில் எந்தப் புரோகிராமும் போகாது, நீ போவாய் அல்லவா என்று கேட்டேன். அழவில்லை. கெஞ்சினேன்.

பூ விழவில்லை.

நின்றோம். எங்களுக்குப் பின் வந்தவர்கள் கேட்டார்கள், அவர்களுக்கு விழுந்தது, போனார்கள். மறுபடி எங்களுக்கு வைத்தார். ஆற்றுக் காற்று உள்ளே வந்து விளக்கை அசைத்தது. பூவை அசைக்கவில்லை. உச்சிப் பூசை முடிந்தது. திரை போடும் நேரம்.

"அம்மா இன்னிக்குப் பேசமாட்டீங்கறாங்க" என்றார் பூசாரி. "கேள்வி சரியில்லீனா இப்படித்தானுங்க. ஊட்டுக்குப் போயிக் கலந்து பேசீட்டு வாங்க."

அந்த நேரம் என் நெஞ்சு உடைந்துபோனது. வேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாமே. தெய்வமும் வாய் மூடிக்கொண்டால் எங்கே போவது? நமக்கு வராத பதிலும் ஒரு பதில்தான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பஸ் பயணம் தேவைப்பட்டது.

பஸ் பெருந்துறை தாண்டியது. மஞ்சள் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போனது. அதைப் பார்த்துக்கொண்டே அப்பா கேட்டார்.

"அந்தக் கம்பெனில உனக்கு என்ன வேலை அம்மணி?"

மூன்று வருடமாகக் கம்ப்யூட்டரில் நான் என்ன செய்கிறேன் என்று அவர் கேட்டது அன்றுதான். சொன்னேன். யாரோ எப்போதோ எழுதியதைப் படிக்க வேண்டும், தேதி வரும் இடங்களைத் தேட வேண்டும், மற்றது கெடாமல் அதை மட்டும் திருத்த வேண்டும். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கும் எங்கிருந்தோ துணிச்சல் வந்தது.

"ஏனுங்கப்பா, பட்டறைக்கு ஆளெடுக்கறப்ப என்ன படிச்சிருக்கீன்னு கேப்பீங்களா?"

"கேட்டா ஒருத்தனும் வரமாட்டான்" என்று சிரித்தார். "ஒரு துண்டு இரும்பக் குடுத்துக் கடையச் சொல்லுவேன். அளவு சரியா வந்தா நாளைக்கே வந்துருன்னுருவேன்."

"அவங்களும் கடையச் சொல்லித்தானுங்கப்பா பாத்தாங்க. அளவு சரியாத்தான் வந்துச்சு."

சிரிப்பு நின்றது. அவிநாசி வரும்வரை ஜன்னலையே பார்த்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"டிகிரி இல்லீன்னு அவுங்ககிட்டச் சொன்னியா கண்ணு?"

"இல்லீங்கப்பா."

"அவுங்களைக் கேக்காம அம்மனைப் போயிக் கேட்டா, பாவம், அவ என்ன பண்ணுவா?"

சொந்தங்களே, அந்த பஸ்ஸில்தான் எனக்குப் பூ விழுந்தது. பேச வேண்டிய இரண்டு பேரைப் பேச வைக்கத்தான் தாய் பேசாமல் இருந்தாள்.

அடுத்து வந்த திங்கட்கிழமை இருவரும் கம்பெனிக்குப் போனோம். அப்பா வெள்ளை வேட்டியில் வந்திருந்தார், விரல் இடுக்கில் மட்டும் பட்டறைக் கறுப்பு. ஆளெடுக்கும் அதிகாரியிடம் நான் உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. பட்டதாரிகளை மட்டும் எடுப்பதுதான் விதி என்றார். அது நியாயம்தான். நான் எழுந்துவிட்டேன். அப்பா எழவில்லை.

"உங்க விதிய மாத்தச் சொல்லலீங்க. ஆறு மாசம் வெச்சுப் பாருங்க. வேலைல அளவு தப்புச்சுன்னா நீங்க சொல்லவே வேண்டாம். நானே வந்து கூட்டீட்டுப் போயிர்றனுங்க."

அதிகாரி அவரையே பார்த்தார். மேலிடத்தைக் கேட்க வேண்டும், உறுதி சொல்ல முடியாது என்றார். அந்த வாரம் முழுக்க வீட்டில் விளக்கு அணையவில்லை. அம்மாதான் எண்ணெய் ஊற்றினாள். பொள்ளாச்சிக்காரர்களுக்கு இப்போது இல்லை என்று அவளே சொல்லி அனுப்பினாள். அப்பா என்ன பேசி அவளைச் சம்மதிக்க வைத்தாரோ, இருவரும் எனக்குச் சொன்னதே இல்லை.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டு போன் அடித்தது. எனக்குத்தான். ஆறு மாதம் தற்காலிக வேலை. மற்றவர்களைவிடச் சம்பளம் குறைவு. தபால் வழியில் படித்துப் பட்டத்தை முடித்துவிட வேண்டும். சம்மதமா என்றார்கள். அழுதுவிட்டேன். அந்த வீட்டு அக்கா என் கையிலிருந்து போனை வாங்கி, "சம்மதந்தானுங்க, புள்ளை அழுவுது" என்றார்.

எழுதாத வழியில் அம்மன் போய்க் காட்டிவிட்டாள். படிப்பும் உண்டு, வேலையும் உண்டு, இரண்டும் ஒன்றாக.

பட்டம் வேண்டியதில்லை என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அது இல்லாததால், கூட வேலை செய்தவர்கள் அமெரிக்கா போனபோது நான் வழியனுப்பப் போனேன். விசாவுக்கு அந்தக் காகிதம் வேண்டும். வேலை உயர்விலும் பின்னால் நின்றேன். பிறகு பட்டம் வாங்கினேன். வாங்கிய அன்று என் புரோகிராம் ஒன்றும் கூடுதலாக ஓடவில்லை. கதவு திறக்க அது உதவும். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு, திரை நம் கையை மட்டும்தான் பார்க்கும். இரண்டும் உண்மை. இருபத்தைந்து வருடம் போல் இந்தத் தொழிலில் நிறைவாக இருந்துவிட்டேன். இன்றும் வேலைக்கு உட்காருமுன் செருப்பைக் கழற்றிவிடுகிறேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அன்று எல்லோரும் பயந்த இரண்டாயிரம் பிறந்தது. நாங்கள் திருத்திய கணக்குகள் திகைக்காமல் நடந்தன. அந்தத் தை மாதம் அப்பா, அம்மா, நான் மூவரும் பவானிக்குப் போனோம். வழக்கப்படி பூசாரி பூ வைத்துவிட்டு, என்ன கேட்கணும் என்றார். ஒன்றும் இல்லீங்க, சும்மா பார்த்துட்டுப் போக வந்தோம் என்றார் அப்பா.

நாங்கள் கும்பிட்டு நிமிர்ந்தபோது வலது தோள் பூ விழுந்தது.

"கேக்காதப்பக் குடுக்கறா பாரு" என்றார் அப்பா. அம்மா அந்தப் பூவை எடுத்து என் தலையில் வைத்தாள்.

உங்கள் பூவும் விழாமல் நிற்கலாம். கலங்காதீர்கள். தாய் மறுக்கவில்லை. யாரையோ இன்னும் நீங்கள் கேட்கவில்லை, யாரிடமோ உள்ளதைச் சொல்லவில்லை. போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். அவள் அங்கேயேதான் இருக்கிறாள், ஈரப் பூவோடு.